வாங்கியவன் பெயர்

கியோட்டோ நகரத்தில் டாய்தொகுஜி என்ற பெரிய பௌத்த மடத்தைச் சேர்ந்த சிறு கோயில் ஒன்றில் ஒரு கிண்ணம் இருக்கிறது. பெட்டிக்குள் பெட்டியாக ஐந்து பெட்டிகளுக்குள்ளே, கம்பளியும் ஊதாப் பட்டும் சுற்றி அதை வைத்திருந்தார்கள். கொரியாவில் யாரோ ஒரு குயவன், யாரோ ஒரு ஏழை சோறு தின்பதற்காக, நாளைக்கு இத்தனை என்று கணக்குப் பண்ணி அவசரமாகச் செய்து போட்ட கிண்ணம். கடல் கடந்து ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்காரர்களின் கையில் சிக்கிற்று. இன்று அந்நாட்டின் தேசியப் பொக்கிஷங்களில் அதுவும் ஒன்று. 1931இல் யானாகி சோயெட்சு அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்ததைப் பற்றி எழுதினார். சாதாரணத்திலும் சாதாரணமான பொருள். அழகு வேண்டும் என்று நினைக்காதவன் செய்தது. அதனாலேயே அழகு என்பது அவர் வாதத்தின் சாரம்.

கிண்ணத்துக்குப் பெயர் கிசாயெமோன். குயவனின் பெயர் அல்ல அது. ஒஸாகாவில் இருந்த ஒரு வியாபாரியின் பெயர். ஒரு காலத்தில் கிண்ணம் அவனிடம் இருந்தது, அவ்வளவுதான் சம்பந்தம். (அதைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும் என்று ஒரு கதை உண்டு. கதை எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்த வருஷம் யானாகியைப் படித்தேன். பெர்னார்ட் லீச் தழுவி 1972இல் வெளிவந்த அந்தப் புஸ்தகத்தின் தலைப்பே பெயர் தெரியாத கைவினைஞன் என்று அர்த்தப்படும். ஒரு வரி விடாமல் அடிக்கோடு போட்டிருக்கிறேன். ஆனால் பொருளுக்குச் செய்தவன் பெயர் இல்லை, வாங்கியவன் பெயர் இருக்கிறது என்ற இந்தச் சின்ன விஷயம் பன்னிரண்டு வருஷமாக என் கண்ணில் படவில்லை. அது பட்ட விதத்தைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. என்னுடைய பழைய கட்டுரை ஒன்றுக்கு நானே எழுதும் மறுப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே பக்கங்களில் ‘குழியும் நிழலும்’ என்று ஒன்று எழுதினேன். எங்கள் பக்கத்து நெசவு கிராமம் ஒன்றில், குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியது. மண்சுவர், கூரைக்குக் கீழே அரையிருட்டு, இடுப்பு வரை பூமிக்குள் இறங்கிய மனிதன், பாவின் இழைகளைப் பார்க்காமலே தடவி அறியும் விரல்கள். யானாகியையும், நிழலைப் புகழ்ந்து தானிசாகி 1933இல் எழுதிய நீண்ட கட்டுரையையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன். ‘கண்ணை நம்பாத கையின் ஞானம்’ என்று ஒரு சொற்றொடர் போட்டிருந்தேன். நம் நண்பர்கள் பலருக்கு அது பிடித்திருந்தது. இப்போது ஒரு நண்பர் என் கட்டுரைகளைத் தொகுத்துப் போட முன்வந்திருக்கிறார். அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்கிறார். புஸ்தகத்தை ஈய எழுத்தில் கோத்து, கையால் செய்த காகிதத்தில் அச்சிட்டு, அட்டைக்குக் கைத்தறித் துணி ஒட்ட வேண்டும் என்றும் அவருக்கு ஆசை. ‘உங்க ஊர்ப்பக்கம்தானே நெய்யறாங்க, துணி வாங்கி அனுப்புங்க’ என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் ஊர்ப்பக்கம் நெய்கிறார்கள்தான். திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே. பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, பள்ளிப்பட்டு என்று பஸ் போகிற வழியெல்லாம் நெசவு. எல்லையைத் தாண்டினால் நகரி, அங்கேயும் நெசவு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. தறிகள் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு பக்கமும் இருந்துகொண்டன. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழுவது விசைத்தறி. தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, இரும்பு இரும்போடு மோதுகிற சத்தம். இந்த ஊர்களில் இரண்டு பேர் பேசிக்கொண்டால் சண்டை போடுகிறார்கள் என்று வெளியூர்க்காரன் நினைப்பான்.

சென்ற தை மாதம் அந்தப் பெரியவர் நான் வேலை பார்க்கும் கிளைக்கு வந்தார். கடன் விண்ணப்பம். கூட அவருடைய பேத்தி, கல்லூரியில் படிக்கிற பெண். விசைத்தறி இரண்டு போடுவதற்காக. என் மேஜைக்குத்தான் படிவம் வந்தது. தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் கேட்டேன்.

‘‘கைத்தறியா விசைத்தறியா, பெரியவரே?’’

‘‘தறி, சார்.’’

‘‘ரெண்டுல ஒண்ணு போடணும்.’’

‘‘இது வரைக்கும் ஒண்ணு, இனிமே ஒண்ணு. நீங்களே பார்த்துப் போட்டுக்குங்க.’’

பேத்தி சிரித்தாள். பிறகு, தாத்தாவைப் பற்றி நான் எழுதியதைப் படித்திருப்பதாகவும், அவருக்கு வாசித்துக் காட்டியதாகவும் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரியவர் அதுவரை ‘சார்’ என்றுகொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்தி, எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி சொன்னார்:

‘‘நல்லாத்தான் எழுதியிருக்கற நைனா. ஆனா அந்த இருட்டு இருக்குதே, அது நாங்க வச்சதில்ல. நாப்பது வாட்ஸ் பல்பு ஒண்ணு, அதுவும் நடுவுல. பாவு அறுந்தா கண்ணுக்குத் தெரியாது. தடவிப் பார்த்துதான் முடிச்சுப் போடணும். அதைப் போயி ஞானம்னுட்ட.’’

அவர் கோபத்தில் சொல்லவில்லை. படிவத்தில் தப்பாக விழுந்த ஒரு எழுத்தைத் திருத்துகிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார், பாதி தெலுங்கு சாயலில்.

அன்று சாயந்திரத்திலிருந்து என்னை உறுத்திக்கொண்டிருப்பது நிழலைவிட அதிகமாக அந்த முதல் பதில்தான். ‘தறி.’

சோழர் காலக் கல்வெட்டுகளில் தறியிறை என்று ஒரு வரி வரும். கைத்தறியிறை என்று வராது. வர முடியாது. கையால் நெய்வது தவிர வேறு நெசவு இல்லாத காலத்தில் ‘கை’ என்ற முன்னொட்டுக்கு வேலை இல்லை. விசை வந்த பிறகுதான் கை வந்தது. அதாவது கைத்தறி என்ற சொல் பழைய தொழிலின் பெயர் போலத் தோன்றினாலும், விசைத்தறியோடு பிறந்த சொல். அதன் இரட்டைப் பிள்ளை. நெய்கிறவனுக்கு அந்தச் சொல் தேவைப்படவில்லை. கணக்கெடுப்பவனுக்கு, சட்டம் போடுகிறவனுக்கு, கடையில் வாங்குகிறவனுக்கு, என்னைப் போலக் கட்டுரை எழுதுகிறவனுக்குத் தேவைப்பட்டது.

ஒன்றைப் பார்த்ததும் எங்கே பார்த்தாலும் இதுவாகவே தெரிகிறது. நம் சமையலறையில் ‘நாட்டு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டுத் தக்காளி. ஒரு காலத்தில் எதிர்ப்பக்கத்துக்குத்தான் அடைமொழி இருந்தது: சீமையெண்ணெய், சீமை ஓடு, சீமைக் கத்திரிக்காய். வந்தது விசேஷம், இருந்தது சாதாரணம். பிறகு தராசு சாய்ந்தது. வந்தது வெறும் கோழி ஆகிவிட்டது, இருந்தது நாட்டுக்கோழி ஆகிவிட்டது. அடைமொழி எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அந்தப் பக்கம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். விலை மட்டும் ஏறுகிறது.

ஜப்பானியர் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். மெய்ஜி காலத்தில் மேற்கிலிருந்து உடை, சாப்பாடு, காகிதம், வீட்டின் அறை எல்லாம் வந்து இறங்கியபோது, வந்ததற்கெல்லாம் ‘யோ’ என்று முன்னொட்டும், ஏற்கெனவே இருந்ததற்கெல்லாம் ‘வா’ என்று முன்னொட்டும் வைத்துக்கொண்டார்கள். யோஷோகு என்றால் மேல்நாட்டுச் சாப்பாடு; வாஷோகு என்றால் நம்முடைய சாப்பாடு. அதற்கு முன் அது வெறும் சாப்பாடு. அந்த வாஷோகு 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்று பட்டியல் போடுகிறோம். பழக்கத்தின் பெயருக்கு வயது நூற்றைம்பது சொச்சம்.

எங்கள் மலையிலேயே ஒன்று இருக்கிறது. டிசம்பர் 31 அன்று இரவு பஜனைக் கோஷ்டிகள் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு திருத்தணி மலை ஏறும். வருஷத்தின் நாட்களுக்குச் சமமாக 365 படி என்பது ஐதீகம். பார்க்கிறவர்கள் அருணகிரிநாதர் காலத்திலிருந்து நடப்பதாக நினைத்துக்கொள்வார்கள். தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பு. ஆங்கில வருஷப் பிறப்பன்று துரைமார்களுக்குப் பழம் எடுத்துக்கொண்டு போய் நிற்கிறவர்களை, அதற்கு முந்தின ராத்திரி முருகனிடம் போங்கள் என்று திருப்பிவிட்டார். துரையின் காலண்டர் இல்லாவிட்டால் இந்த விழா இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த இரவு பிடிக்கும், வருஷம் தவறாமல் ஏறுகிறேன். நவீனத்துக்குக் கொடுத்த பதிலை நாம் பழமை என்று அழைக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

யானாகிக்கு வருகிறேன். அவரும் பானை வனைகிற ஹமாடா ஷோஜி, கவாய் கஞ்சிரோ என்ற இரண்டு நண்பர்களும் சேர்ந்து 1925இல் மிங்கெய் என்ற சொல்லைச் செய்தார்கள். மக்கள் கலை என்று தமிழில் சொல்லலாம். பெயர் போடாத, மலிவான, தினமும் புழங்குகிற பொருளின் அழகு. அதற்கு முந்தின வருஷம், 1924இல், டொயோடா சகிச்சி என்பவர் தம்முடைய தானியங்கித் தறியை முடித்திருந்தார். தச்சன் மகன். அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்துத்தான் தறியைத் திருத்த ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். 1891இல் மரக்கைத்தறி ஒன்றுக்குக் காப்புரிமை, பிறகு விசைத்தறி, கடைசியில், இழை அறுந்தால் தானே நின்றுவிடுகிற, நாடாவைத் தானே மாற்றிக்கொள்கிற தறி. அந்தத் தறியின் உரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனிக்கு விற்றார்கள். உலகத்துக்கெல்லாம் தறி இயந்திரம் விற்ற லங்காஷயர், ஜப்பானிடம் தறி வாங்கிற்று. மகன் மோட்டார் செய்யப் போனார். இன்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடுகிற டொயோட்டாக் கார் ஒரு தறியின் பேரன்.

ஒரே தேசத்தில் ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு மனிதர்கள். இரண்டு பேரும் கைவேலையைப் பார்த்தார்கள். ஒருவர் அதில் அழகைப் பார்த்தார், அருங்காட்சியகம் கட்டினார் (1936, டோக்கியோ). இன்னொருவர் அதில் அம்மாவின் முதுகைப் பார்த்தார். நான் இத்தனை வருஷமும் முதலாமவரை மட்டுமே படித்திருக்கிறேன். இரண்டாமவர் என் படிப்பில் வரவே இல்லை. மோட்டார் கம்பெனி சரித்திரத்தை இலக்கியம் படிக்கிறவன் எதற்குத் தொட வேண்டும்?

யானாகியை இதனால் மட்டமாக்கிவிட முடியாது. ஜப்பானிய அரசு கொரியாவின் பழைய வாயிலை இடிக்கப் போனபோது எதிர்த்து எழுதிய மனிதர் அவர். அவர் இல்லாவிட்டால் பல ஊர்களின் பானையும் பாயும் துணியும் பார்ப்பாரில்லாமல் போயிருக்கும். ஆனால் அவருடைய இயக்கத்துக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பெயரற்றவனின் கலை என்று ஆரம்பித்தது. இன்று உலகத்துக்குத் தெரிவது யானாகி, ஹமாடா, கவாய், லீச் என்ற பெயர்கள். 1955இல் அரசு முதன்முதலாக ‘வாழும் தேசியப் பொக்கிஷங்கள்’ என்று சில மனிதர்களை அறிவித்தபோது அதில் ஹமாடா இருந்தார். கவாய் இந்த மாதிரி மரியாதைகளை ஏற்க மறுத்துவிட்டார், தம் பானைகளில் கையெழுத்தும் போடவில்லை. ஆனாலும் அவை கவாய் பானைகள் என்றுதான் விலைபோகின்றன. பெயரில்லாமல் இருப்பதும் பெயருள்ளவனுக்கே சாத்தியமான ஆடம்பரம். எங்கள் பெரியவருக்குப் பெயர் உண்டு, ஆதார் அட்டை உண்டு, என் கிளையில் பதினொரு இலக்கத்தில் கணக்கு எண் உண்டு. என் கட்டுரையில்தான் அவருக்குப் பெயர் இல்லை. பெயரில்லாமல் இருப்பதே அவருடைய அழகு என்று நினைத்து நான்தான் விட்டுவிட்டேன்.

அதே 1955இல் வேறு இரண்டு காரியங்களும் நடந்தன. ஜப்பானில் தோஷிபா கம்பெனி தானியங்கி மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய மினாமி என்பவரின் மனைவி ஃபுமிகோ, வெயிலிலும் குளிரிலும் வருஷக்கணக்கில் சோறு வடித்து வடித்துச் சோதித்தார். இங்கே கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்தார். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவியைக் கை சுற்றும். கிரைண்டரில் கல்லே சுற்றியது, கை விடுபட்டது. பிறகு கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டுக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் கொடுக்கிற அதே முத்திரை.

கைத்தறி போகிறது என்று எத்தனை கட்டுரை, எத்தனை கவிதை! ஆட்டுக்கல் போனதற்கு நம்மில் யார் அழுதோம்? அதைச் சுற்றிய கை நம் அம்மாவுடையது, அந்தத் தோள்வலி நம் வீட்டிலேயே இருந்தது. அதனால் அங்கே நமக்கு அழகியல் தோன்றவில்லை. அழகியல் தோன்றுவதற்குக் கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது. அந்தத் தூரத்தை நாம் ரசனை என்கிறோம். (இப்போது ஓட்டல்களில் ‘கல்லில் அரைத்த மாவு’ என்று போர்டு வருகிறது. தூரம் வந்துவிட்டது போலிருக்கிறது.) நெசவிலும் இதே கதைதான். தார் சுற்றுவது, பாவுக்குக் கஞ்சி போடும்போது கூடமாட நிற்பது எல்லாம் வீட்டுப் பெண்கள். என் கட்டுரையில் குழிக்குள் ஒரு ஆண் மட்டுமே இருந்தார். அவருக்கு இரண்டு முழம் தள்ளி ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாளை நான் பார்த்தேன் என்பது நினைவிருக்கிறது. எழுதவில்லை.

விசைத்தறி வந்தது விடுதலை என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தாவுவதாக யாரும் நினைக்க வேண்டாம். டொயோடாவின் தறி இழை அறுந்தால் நின்றது. எங்கள் ஊர்களில் நான் பார்த்த தறிகளில் பல அப்படி நிற்பவை அல்ல. மனிதன்தான் தறிக்குத் தறி ஓடிக் கண்வைத்திருக்க வேண்டும். குழியில் முட்டி போயிற்று, இங்கே காது போகிறது. பாவு முதலாளியுடையது, நெய்தவனுக்குக் கூலி. 2023இல் தமிழக அரசு விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரத்தை ஆயிரமாகவும், கைத்தறிக்கு இருநூறை முந்நூறாகவும் உயர்த்தியது. வெளிச்சத்துக்கு இனி பஞ்சமில்லை. நூல் விலை ஏறினால் வெளிச்சத்தில் உட்கார்ந்து வெறும் தறியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சட்டத்தின் கதை வேறொரு விசித்திரம். 1985இல் பாராளுமன்றம் சில துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிச் சட்டம் செய்தது. முதலில் 22 வகை, பிறகு 11. விசைத்தறிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1993இல் சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும் என்றது. அந்தப் பதினொன்றில் புடவை உண்டு, வேஷ்டி உண்டு, குறிப்பிட்ட ரக லுங்கியும் உண்டு. எங்கள் பக்கத்து விசைத்தறிகளில் இரவும் பகலும் இறங்குவதும் லுங்கிதான். ரகம், நூல், கட்டம் என்று வித்தியாசம் பார்த்தால் இரண்டும் சட்டப்படி வேறு வேறாக இருக்கலாம். கட்டிக்கொள்கிற இடுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஜப்பானின் 1974ஆம் வருஷத்துச் சட்டம் இதைவிடக் கெட்டி. மரபுக் கைவினை என்று ஒன்றை அறிவிக்க வேண்டுமானால் அது அன்றாட வாழ்வில் புழங்கும் பொருளாக இருக்க வேண்டும், முக்கியமான வேலை கையால் நடக்க வேண்டும், உத்தியும் மூலப்பொருளும் நூறு வருஷமாவது பழையதாக இருக்க வேண்டும், ஒரு வட்டாரத்தில் ஓரளவு பேராவது அதைச் செய்துகொண்டிருக்க வேண்டும். இருநூறுக்கு மேற்பட்ட பொருள்கள் தேறியிருக்கின்றன. வாழும் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டவருக்கு வருஷத்துக்கு 20 லட்சம் யென், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க. எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் நிபந்தனையில் என் மனம் தடுக்கி நிற்கிறது. அன்றாடம் புழங்குகிற பொருளுக்கு அன்றாடம் புழங்குகிறது என்று சர்க்கார் முத்திரை எதற்கு?

குறை என்பது எப்படி அழகாகிறது என்பதற்கு நம்மிடமே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மெட்ராஸ் என்றால் ஊர் அல்ல, கட்டம்போட்ட சட்டைத் துணி. நம்முடைய லுங்கிக் கட்டம். 1958இல் கேப்டன் கிருஷ்ணன் நாயர் அந்தத் துணியைப் பத்தாயிரம் கெஜம் நியூயார்க் வியாபாரி ஒருவருக்கு விற்றார். தனியாகக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும் என்ற எச்சரிக்கை சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடிற்று, புகார் வந்தது, வழக்கு வரும் போலிருந்தது. விளம்பரக்காரர்கள் உட்கார்ந்து யோசித்து, சாயம் ஓடுவது உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவையிலும் ஒரு புதுச் சட்டை! குறை குணமாயிற்று, துணி பறந்தது. நாயர் பின்னாளில் தாமே சந்தோஷமாகச் சொன்ன கதை இது. ஜப்பானின் வடக்கில் ஏழை விவசாயிகள் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுத் தைத்த நீலக் கந்தல்கள் இன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்படுவதும் இதே சாமர்த்தியம்தான். கந்தலில் அழகு இல்லை என்றா சொல்கிறேன்? இருக்கிறது. குளிரில் அதைப் போர்த்திக்கொண்டவனுக்கு அந்த அழகில் பங்கு இல்லை என்கிறேன்.

இதெல்லாம் துணி வியாபாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்குத்தான்.

‘எழுத்து’ 1959 ஜனவரியில் வந்தது. புதுக்கவிதை என்ற பெயர் அதைச் சுற்றியும் அதற்குப் பிறகும் நிலைத்தது. அந்தப் பெயர் வந்த பிறகுதான் மரபுக்கவிதை என்ற பெயர் தமிழில் வேண்டியதாயிற்று. கம்பன் மரபுக்கவிதை எழுதவில்லை, கவிதை எழுதினான். விருத்தம் அவனுக்குத் தறி, கைத்தறி அல்ல. நாம் புதுக்கவிதைக்காரர்கள், ஏற்கெனவே இருந்த எல்லாவற்றுக்கும் ஒரே இரவில் மரபு என்று சீட்டு ஒட்டி, ஐந்து பெட்டிகளுக்குள் வைத்து, பட்டுச் சுற்றினோம். பிறகு நம்மில் ஒரு சாரார் பெட்டியை உதைத்தோம், இன்னொரு சாரார் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டோம். பெட்டியைத் திறந்து சோறு போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சிலரே. பிச்சமூர்த்தி அவர்களில் ஒருவர் என்பது என் கட்சி. அதை இன்னொரு சமயம்.

விமர்சகர்களாகிய நமக்கு ‘ஊடும் பாவும்’ என்பது கைக்கு வந்த உவமை. உருவமும் உள்ளடக்கமும் ஊடும் பாவுமாக, கனவும் நனவும் ஊடும் பாவுமாக. நானே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. பாவு எந்தப் பக்கம் ஓடுகிறது, ஊடை எந்தப் பக்கம் ஓடுகிறது, எது அறுந்தால் வேலை நின்றுபோகும் என்று இந்த உவமையை எழுதுகிறவர்களைக் கேட்டால் பாதிப்பேர் விழிப்பார்கள். பவணந்தி அப்படி விழித்திருக்க மாட்டார். நன்னூல் பாயிரத்தில் நூல் செய்வதை நூல் நூற்பதோடு ஒப்பிடும்போது, சொல் எது, பஞ்சு எது, கை எது, கதிர் எது என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறார். நூற்கிறவளைப் பக்கத்தில் நின்று பார்த்த கண் அது. அலங்காரத்துக்குச் சொன்னதல்ல, தொழில் தெரிந்து சொன்னது.

ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953இல் வந்தது. நம் வட்டத்தில் அதற்கு மரியாதை குறைவு. பிரச்சார நாவல், பாத்திரங்கள் கொள்கைக்காக நடக்கிறார்கள் என்பது நம் வழக்கமான தீர்ப்பு. தீர்ப்பு முழுக்கத் தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பல இடங்களில் அதன் நடை மேடைமேல் ஏறிக்கொள்கிறது. ஆனால் சென்ற மாதம் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. அந்த நாவலில் தறி அழகாக இல்லை. நூல் இல்லாமல் தறி நிற்கிறது, நின்றால் அடுப்பு நிற்கிறது. தறி என்றால் அங்கே அதுதான். பட்டுத் தொழிலிலேயே இருந்தவரான எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’ 1975இல் வந்தது. கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கை. அதில் நெசவைப் பற்றித் தனியாக வியப்பு கிடையாது. தொழில் தெரிந்தவன் தொழிலைப் பற்றி வியக்க மாட்டான், அதற்குள் நடமாடுவான். கலை என்ற முறையில் இரண்டாவதே மேலானது. ஆனால் ‘குழியும் நிழலும்’ எழுதிய என்னைவிட இருவருமே தறிக்குப் பக்கத்தில் நின்றார்கள். யானாகி தெரிந்த எனக்கு ரகுநாதன் சொன்னது காதில் விழாமல் போனதற்கு யானாகி பொறுப்பல்ல.

தானிசாகியை முதலில் நான் படித்தது அவசரப் படிப்பு என்றும் இப்போது தெரிகிறது. நிழலைப் பற்றிய அந்தக் கட்டுரை நிழலில் ஆரம்பிக்கவில்லை. புது வீடு கட்டுகிறவன் மின்சாரக் கம்பியையும் காஸ் குழாயையும் எங்கே மறைப்பது என்று படும் அவஸ்தையில் ஆரம்பிக்கிறது. கம்பி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மறைக்கப் பார்க்கிறார், தோற்கிறார், சிரிக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் அவர் மனைவி சொன்னதாக ஒரு சம்பவம் வருகிறது. தானிசாகி வீடு கட்டத் தீர்மானித்தபோது வந்த கட்டடக் கலைஞர், உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டுமென்று எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னாராம். ஐயோ, அந்த மாதிரி வீட்டில் என்னால் குடியிருக்க முடியாதே என்றாராம் தானிசாகி. இந்தப் பின்னுரையையும் நான் அடிக்கோடு போட்டுத்தான் படித்திருக்கிறேன். வேடிக்கையான துணுக்கு என்று ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

கடன் கிடைத்துவிட்டது. ஆவணி மாதம் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். குழியை மூடிக் கடப்பைக் கல் பாவியிருந்தார்கள். அதன்மேல் ஒரு தறி, பக்கத்தில் இன்னொன்று. மகன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு குழல்விளக்குகள். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பழைய தறியின் படைமரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்; சத்தத்தில் கேட்கவில்லை, மறுபடி கத்தினேன். மாட்டுக்கொட்டகைக்கு உத்தரமாகப் போட்டாயிற்று என்று அவரும் கத்தினார். வாசலில் லுங்கி மூட்டை கட்டி வைத்திருந்தது. மடிப்பு மடிப்பாக லேபில் ஒட்டியிருந்தது. அதில் ஒரு கம்பெனிப் பெயர், ஒரு புலிப் படம். ஊரின் பெயர் இல்லை.

லேபில் ஒட்டாத துணியில் இரண்டு மீட்டர் வாங்கிக்கொண்டு வந்தேன். பச்சைக் கட்டம், ஓரத்தில் கறுப்புக் கோடு. காசு வேண்டாம் என்றார், கொடுத்தேன். அட்டைக்கு இதுதான் துணி, கைத்தறி அல்ல, சம்மதமானால் ஒட்டுங்கள் என்று நண்பருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ‘குழியும் நிழலும்’ தொகுப்பில் இருக்கட்டும் என்றும் எழுதினேன். முதலில் வேண்டாம், நடுவில் எங்கேயாவது. ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாளுக்காக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். கையின் ஞானம் பற்றிய வாக்கியத்தை அடிக்கவில்லை. அதற்கு முந்தின வாக்கியத்தில் ‘ஆதி நிழல்’ என்று இருந்ததை அடித்துவிட்டு, ‘நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று’ என்று திருத்தினேன்.